ஆற்றில் கரைத்த புளி

நான்கு மாதங்களுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை. நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத்தில் திங்கள் என்றால் சொல்லவே வேண்டாம். திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நாற்காலிகள் காலியாகவே ஆகாது. மருந்து வாங்க என் முகப்புக்கு வந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன்பே கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே அட்டை அட்டையாக மாத்திரைகள். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு), ரத்தக்கொதிப்புக்கு, கொழுப்புக்கு. பாதி குடித்த இருமல் மருந்து, நசுங்கிப்போன முட்டிவலிக் களிம்பு. எல்லாம் அவருடைய கணவருடையவை. அவர் தவறி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இதையெல்லாம் என்னம்மா பண்றது? வச்சிருக்கவும் முடியல, தூக்கிப்போடவும் மனசு வரல. டாய்லெட்ல கொட்டித் தண்ணி ஊத்திடவா? மாத்திரைதானே, கரைஞ்சிடும்.”

“கொட்டாதீங்கம்மா. ஒரு பையில கட்டிக் குப்பையில போட்டுடுங்க.”

“ஏன்?” என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. “அடுத்த தடவை வரும்போது சொல்றேன்மா” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பையை மறுபடி கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தது நகையோ என்னவோ என்று நினைக்கும்படி இருந்தது, அவர் வைத்த விதம்.

அந்த ‘கரைஞ்சிடும்’ என்ற சொல் அன்றைக்கு முழுவதும் என்னை விடவில்லை. ஏனென்றால் என் அப்பா இறந்தபோது நான் அதைத்தான் செய்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, அவர் மருந்து வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, இரண்டு பாட்டில் இருமல் மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். மாத்திரைகளை உதிர்த்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன். அப்போது இந்த வேலையில் எனக்கு ஒன்பது வருட அனுபவம். எந்த மாத்திரை எதற்கு, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது, சாப்பாட்டுக்கு முன்னாலா அப்புறமா, எல்லாம் தெரியும். விழுங்கிய மாத்திரை கடைசியில் எங்கே போகிறது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்பாவின் அஸ்தியைத் திருச்சிக்குக் கொண்டுபோய், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் கரைத்தோம். அவர் கேட்டுக்கொண்டது அது. தாத்தா குளித்தலைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். ஆற்றில் கரைத்துவிட்டால் அனுப்பிவைத்துவிட்டோம் என்று மனம் அடங்குகிறது. நம் மொழியே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாமல் போனதை ‘ஆற்றில் கரைத்த புளி’ என்போம், ‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்போம். கரைந்தால் காணோம் என்று அர்த்தம். ஆனால் அந்த ஆற்றிலேயே இருப்பவற்றுக்குப் புளி புளிக்கத்தானே செய்யும்?

நாங்கள் அதிகம் எடுத்துக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று மெட்ஃபார்மின். நம் சமூகத்தில் இனிப்புநீர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த மருந்து உடம்பில் சிதைவதில்லை. ரத்தத்தில் சுற்றி, வேலையை முடித்துக்கொண்டு, சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரையில் ரத்தத்தில் சேர்ந்த பங்கு கிட்டத்தட்ட முழுவதும் மெட்ஃபார்மினாகவே கழிவறைக்குப் போகிறது. கழிவுநீர் நிலையத்து நுண்ணுயிர்கள் அதை மாற்றினாலும், குவானைல்யூரியா என்ற இன்னொரு பொருளாகத்தான் பெரும்பாலும் மாற்றுகின்றன. வலிப்புக்குத் தரும் கார்பமாசெப்பின் வேறு வகை. கல்லீரல் அதைச் சிதைத்துவிடும், ஆனால் சிதையாமல் தப்பி வெளியே வரும் சிறு பங்கு பிடிவாதமானது. சாதாரணக் கழிவுநீர் நிலையத்தில் அது லேசில் அழியாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 104 நாடுகளில், 1,052 இடங்களில் ஆற்று நீரை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தவை மூன்று: கார்பமாசெப்பின், மெட்ஃபார்மின், அப்புறம் நாம் கோப்பியிலும் தேநீரிலும் குடிக்கும் காஃபீன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் குழாய்த் தண்ணீரைப் பற்றி வாட்ஸ்அப்பில் பயமுறுத்தல் செய்தி அனுப்ப வேண்டாம். சிங்கப்பூரில் மழைநீருக்குத் தனி வழி, கழிவுநீருக்குத் தனி வழி. அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டுக் கழிவறையிலிருந்து போகும் நீர் ஆற்றுக்குப் போவதில்லை. பூமிக்கடியில் ஆழத்தில் ஓடும் பெரிய சுரங்கக் குழாய்கள் வழியாகச் சாங்கியில் உள்ளது போன்ற நீர் மீட்பு நிலையங்களுக்குப் போகிறது. அங்கே சுத்தமான நீரில் ஒரு பகுதி நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல் (மெல்லிய சவ்வு வழியாக நீரை அழுத்தித் தள்ளுவது), புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் கடந்து, மறுபடி பயன்படுத்தத்தக்க ‘புதுநீர்’ ஆகிறது. 2003இலிருந்து அது நடக்கிறது. அந்தச் சவ்வின் துளைகள் அத்தனை நுண்மையானவை, மருந்து மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை அதைத் தாண்ட முடியாது. மனிதருக்கான தண்ணீரில் இந்த நாடு எடுத்துக்கொள்ளும் அக்கறை பெரிது. அதில் எனக்கு மனப்பூர்வமான பெருமை உண்டு.

ஆனால் அந்தச் சவ்வு நம் வீட்டுக் குழாய்க்கு முன்னால் இருக்கிறது. மீனுக்கு முன்னால் அப்படி ஒன்றும் இல்லை.

இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பெய்யும் மழை வடிகால், கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களில் போய்ச் சேர்கிறது. வழிகள் தனித்தனிதான் என்றாலும், பூமிக்குள் கிடக்கும் பழைய கழிவுநீர்க் குழாய்களில் விரிசல் விழும், இணைப்பு தளரும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரக் கால்வாய்களிலும் நீர்த்தேக்கங்களிலும் நீர் எடுத்துச் சோதித்தபோது காஃபீன், வலி நிவாரணிகள் போன்றவை நுணுக்கமான அளவில் தென்பட்டன. கழிவுநீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் செயற்கை இனிப்பூட்டிகளையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். மழைநீரில் சீனிக்குப் பதில் போடும் அந்தப் பொருள் இருக்க வேறு காரணமே கிடையாது, மனிதர் வழியாக வந்தால்தான் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. இனிப்புநீர் வந்த பிறகு சட்டைப் பையில் அந்தச் சின்ன வில்லைப் புட்டியை வைத்துக்கொண்டுதான் கோப்பிக் கடைக்குப் போவார். பழைய குழாய்களுக்குள்ளே புது உறை போட்டுச் சீராக்கும் வேலையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அது கண்ணுக்குத் தெரியாத வேலை, யாரும் கைதட்டுவதில்லை. நான் கைதட்டுகிறேன்.

எங்கள் வீடு பீஷான் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலாங் ஆற்றோரம் நடப்பேன். முன்பு அது நேர்க்கோட்டில் ஓடிய 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாய். மழை நாளில் சீறிப் பாயும், வெயில் நாளில் அடியில் ஒரு கோடு போலக் கிடக்கும். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றிப் பூங்காவோடு சேர்த்து 2012இல் திறந்தார்கள். இப்போது நீர்நாய்கள் குடும்பத்தோடு வருகின்றன. கரையோரப் புற்களுக்கு நடுவில் குனிந்து பார்த்தால் லொங்காங் மீன் கூட்டம் தெரியும். கப்பி என்று கடையில் விற்கும் அதே மீன்தான். நாங்கள் சின்ன வயதில் சாக்கடையில் பிடித்ததால் எங்களுக்கு அது எப்போதும் லொங்காங் மீன். அண்ணன் தேங்காய்ப்பால் வடிகட்டும் துணியை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்து மீனை அள்ளுவான். நான் ஜாம் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆண் மீனின் வால் மட்டும் வண்ணத்தில் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும். பெண் மீன் சாம்பல் நிறத்தில், வயிறு உப்பி. பாட்டிலைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் என்று தெரியும். ஒன்று கண்ணாடியில் வந்து முட்டும், ஒன்று அடியில் பதுங்கும், இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குணத்தைத்தான் மருந்து அழிக்கிறது. ஃப்ளூவாக்ஸெட்டின் என்பது மனச்சோர்வுக்குத் தரும் மருந்து, புரோசாக் என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் கப்பி மீன்களைத் தொட்டிகளில் வைத்து, ஆறுகளில் காணப்படும் அளவுக்கு இந்த மருந்தைக் கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் கண்டதை 2021இல் வெளியிட்டார்கள். மருந்து கலந்த நீரில் வளர்ந்த மீன்களுக்கிடையே இருந்த குண வேறுபாடு சுருங்கிவிட்டது. துறுதுறுவென்று ஓடுவது, ஒதுங்கி நிற்பது என்று தனித்தனியாக இருந்தவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தன. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. ஆண் மீன்களின் உடல் நலிந்திருந்தது, விந்தணுக்கள் நீந்தும் வேகம் குறைந்திருந்தது.

குண வேறுபாடு போனால் என்ன, மீன் உயிரோடுதானே இருக்கிறது என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கூட்டத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், வெள்ளம் வந்தாலோ வறட்சி வந்தாலோ புதிதாக ஒரு கொக்கு வந்து நின்றாலோ, தப்பிக்கத் தெரிந்த அந்த ஒன்றிரண்டு இல்லாமல் போய்விடும். என் ஜாம் பாட்டிலில் அடியில் பதுங்கியதே, அந்த மீன்தான் அன்றைக்கு அண்ணனின் துணிக்குக் கடைசியாக மாட்டியது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்றால், மருந்து ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. உடம்பில் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது, பூட்டில் சாவி மாதிரி. மனிதருக்கான மருந்துகள் குறிவைக்கும் 1,318 புரதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், அவற்றில் 86 விழுக்காட்டுக்கு இணையானவை ஜீப்ரா மீனிடமும் இருந்தன. பூட்டு ஒன்றுதான், வீடுதான் வேறு. நம்மை அமைதிப்படுத்தும் மாத்திரை மீனையும் அமைதிப்படுத்தும். ஆனால் மீனுக்கு அச்சம் நோய் இல்லை, உயிர் காக்கும் காவல்.

சுவீடனில் 2013இல் இதைக் காட்டினார்கள். பெர்ச் என்ற நன்னீர் மீன் கூட்டமாக வாழும், கூச்சம் அதிகம், புது இடம் என்றால் மறைவை விட்டு வெளியே வரத் தயங்கும். பதற்றத்தைக் குறைக்கும் ஆக்ஸஸெபாம் மருந்து லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் கலந்த நீரில் விட்டதும் அது தைரியமாக வெளியே வந்தது, கூட்டத்தை விட்டு விலகித் தனியே திரிந்தது, வேகவேகமாகத் தின்றது. பார்ப்பதற்கு நல்ல மாற்றம் போலத் தோன்றும். பெர்ச்சைத் தின்னும் பெரிய மீன் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? 2025இல் வந்த இன்னொரு சுவீடன் ஆய்வில், அதே வகையைச் சேர்ந்த குளோபஸாம் என்ற மருந்து ஏற்றப்பட்ட இளம் சால்மன் மீன்கள் அணைகளை வேகமாகக் கடந்து, அதிக எண்ணிக்கையில் பால்டிக் கடலை அடைந்தன. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பதற்றம் மரத்துப்போன மீன் கடலில் எத்தனை நாள் தாங்கும்?

நான் படித்தவற்றில் என்னை உலுக்கியது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிவைத்த ஏரிகள் பல இருக்கின்றன. பெயர்கூடக் கிடையாது, எண்தான். 260 என்ற எண் கொண்ட ஏரியில், கேரன் கிட் என்ற அறிவியலாளரும் அவர் குழுவும் 2001இலிருந்து 2003 வரை மூன்று கோடைகாலம் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனைக் கலந்தார்கள். அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மருந்து கொடுக்கிறவள் என்பதால் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு கருத்தடை மாத்திரையில் இந்த ஹார்மோன் 0.03 மில்லிகிராம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி, 6,000 லிட்டர் நீரை லிட்டருக்கு 5 நானோகிராம் அளவுக்கு ஆக்கிவிடும். நம் வீட்டுக் குளிப்பறை வாளியில் அறுநூறு வாளி.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல்நீள மீன் ஏராளமாக இருந்தது. மருந்து கலந்த பிறகு ஆண் மீன்களின் உடம்பில் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம் ஊறத் தொடங்கியது. பெண் மீன் முட்டையிடும் காலத்தில் சுரக்க வேண்டியது அது. ஆண் மீன்களின் விந்துச் சுரப்பி வளர்ச்சி தடுமாறியது, சிலவற்றில் முட்டைகளே உருவாகின. குஞ்சு பொரிப்பது நின்றது. சில ஆண்டுகளுக்குள் அந்த மீன் ஏரியிலிருந்து அநேகமாக அற்றுப்போனது. சிறிய மீன் போனதும், அதைத் தின்று வாழ்ந்த டிரவுட் மீனும் மெலிந்து குறைந்தது. செத்து மிதந்த மீன் என்று ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை, நாற்றம் இல்லை, நுரை இல்லை, தண்ணீரின் நிறம் மாறவில்லை. அந்த ஏரிக்கரையில் நின்றிருந்தால் நீங்களும் நானும் எவ்வளவு சுத்தமான தண்ணீர் என்றுதான் சொல்லியிருப்போம்.

மருந்து கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகளில் அந்த மீன் மறுபடி பெருகியது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கொட்டுவதை நிறுத்தினால் தண்ணீர் மன்னித்துவிடுகிறது, குறைந்தது சில இடங்களில்.

களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தினமும் என் கையால் போவது. டைக்ளோஃபெனாக் களிம்பு. அப்பா ராத்திரி படுக்கப்போகும் முன் கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிவிட்டு, இரண்டு முட்டியிலும் வெள்ளை வெள்ளையாகப் பிதுக்கி, உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். வீடு முழுக்க அந்த வாசனை. அப்புறம் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். காலையில் முதல் வேலையாகக் குளிப்பார். பூசிய மருந்தில் உடம்புக்குள் போவது நூற்றில் ஆறு பங்கு அளவுதான். மிச்சம் தோலிலும் துணியிலும் கையிலும் நின்று தண்ணீரோடு போய்விடுகிறது. 2004இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரெயின்போ டிரவுட் மீன்களை டைக்ளோஃபெனாக் கலந்த நீரில் 28 நாள் வைத்துப் பார்த்தபோது, லிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலேயே சிறுநீரகத்திலும் செவுள்களிலும் சேதம் தெரிந்தது. களிம்பு தேய்த்த கையை முதலில் ஒரு காகிதத்தில் துடைத்து, காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் கழுவினால் போதும், தண்ணீருக்குப் போகும் அளவு கணிசமாகக் குறையும். களிம்பு வாங்க வருகிறவர்களிடம் இப்போது இதைச் சேர்த்துச் சொல்கிறேன். அரை நிமிடம்கூட ஆகாது.

அதே 2004இல்தான் இந்த மருந்தின் இன்னொரு முகமும் தெரியவந்தது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் பாறுக் கழுகுகள் ஏன் கூட்டம் கூட்டமாகச் செத்தன என்ற புதிருக்கு விடை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சியது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. தண்ணீர்க் கதை இல்லைதான், இருந்தாலும் மாட்டின் வலியைப் போக்கத்தானே அந்த ஊசியைப் போட்டார்கள் என்ற எண்ணம் என்னை வருத்துகிறது. யாரும் கெடுதல் நினைக்கவில்லை.

காவிரிக்கு வருகிறேன். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் காவிரி நீரை எடுத்துச் சோதித்து 2021இல் முடிவுகளைச் சொன்னார்கள். வலி நிவாரணிகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்தக்கொதிப்பு மருந்து, கார்பமாசெப்பின், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, காஃபீன் எல்லாம் இருந்தன. அப்பா வாழ்நாளில் விழுங்கியவற்றில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவரை எந்த ஆற்றில் விட்டோமோ அங்கே அவை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கே சவ்வும் இல்லை, சுரங்கக் குழாயும் இல்லை, பல ஊர்களின் கழிவுநீர் நேரே ஆற்றில் விழுகிறது. ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் 2007இல் வெளிவந்த அளவீடு இன்னும் கொடுமை. மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த பிறகு வெளியே விட்ட நீரிலேயே சிப்ரோஃப்ளாக்ஸசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நோயாளியின் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவையே தாண்டிய அளவு அது. மருந்துக்குச் சாகாத கிருமிகள் அப்படிப்பட்ட இடத்தில்தான் பயிற்சி பெறுகின்றன. நான் முகப்பில் எடுத்துக் கொடுக்கும் மலிவான மாத்திரையின் மூலப்பொருள் எந்த ஊரில் தயாரானது என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள். மீனுக்காக இனிப்புநீர் மாத்திரையைக் குறைத்தேன் என்று ஒருவர் வந்து நின்றால் என்னால் தாங்க முடியாது. கால் இழந்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மருந்து வேண்டும். விழுங்காமல் கிடக்கும் மாத்திரைதான் வேண்டாம்.

இந்த ஊரில் குப்பைக்குப் போகும் மருந்து எரி ஆலைக்குப் போகிறது. துவாஸிலும் செனோக்கோவிலும் உள்ள உலைகளில் எரிந்து, மிஞ்சும் சாம்பல் புலாவ் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்த வெப்பத்தில் மாத்திரையின் மூலக்கூறு மிஞ்சாது. எரிக்காமல் குப்பையைக் கொட்டி வைக்கும் ஊர்களில் இந்த யோசனை சரிவராது, மழை அங்கே அதைக் கரைத்துக்கொண்டு போகும். அதனால் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாத மருந்தைப் பையில் கட்டி, பிள்ளைகள் கையில் படாமல், குப்பைக் குழாயில் போடுங்கள். இந்த யோசனை முகப்பில் இருக்கும் எல்லோரிடமிருந்தும் கிடைப்பதில்லை. அப்பாவின் மருந்துகளைக் கொட்டுவதற்கு முன் நானே வேறொரு மருந்துக்கடையில் கேட்டேன். “உங்க இஷ்டம்” என்றார்கள்.

ஆனால் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் மருந்தில் பெரும்பங்கு நாம் கொட்டுவதல்ல, நம் உடம்பு வழியாகப் போவது. அதை நீங்களும் நானும் நிறுத்த முடியாது. கழிவுநீர் நிலையத்தில்தான் நிறுத்த வேண்டும். சுவிட்சர்லாந்து 2016இலிருந்து சட்டம் போட்டு, முக்கியமான நிலையங்களில் ஓசோன் அல்லது தூளாக்கிய கரி வைத்து இந்த நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை அகற்றச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் எதிர்க்கின்றன. எதிர்க்கட்டும், எனக்கு அந்தச் சட்டம் நியாயமாகப் படுகிறது. சிங்கப்பூரிலும் புதுநீராக மாறாத மீதி நீர் கடலுக்குத்தான் போகிறது. மனிதர் குடிக்கும் நீருக்குச் சவ்வு செய்யத் தெரிந்த நாட்டுக்கு, கடலுக்குப் போகும் நீருக்கும் ஒரு வழி செய்யத் தெரியாமலா போகும்?

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார், தம்முடைய மூன்று மாத மருந்து வாங்க. வியாழக்கிழமை மதியம், கூட்டம் குறைவு. உட்காருவதற்கு முன்னாலேயே, “அன்னிக்குச் சொல்றேன்னியே, ஏன் கொட்டக் கூடாது?” என்றார். மறக்கவில்லை. நான் ஏரியையும் ஈஸ்ட்ரோஜெனையும் விட்டுவிட்டு, கப்பி மீனைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் சொன்னேன்.

“லொங்காங் மீனா?” என்று சிரித்தார். “எங்க வீட்டுக்காரரு பாசிர் பாஞ்சாங்ல இருந்தப்ப பாட்டில் பாட்டிலா பிடிச்சு சன்னல்ல வச்சிருப்பாரு. பசங்களவிட அவருக்குத்தான் ஆசை.” அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணவருடைய மருந்துப் பையைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டதாகவும், களிம்பை மட்டும் வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கைப்பையிலிருந்து தம்முடைய மிச்ச மாத்திரைகளை எடுத்து வைத்தார். ரப்பர் வளையம் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணி எழுதியிருந்தார். மெட்ஃபார்மின் 46. இவ்வளவு மிச்சமென்றால் வேளை தவறியிருக்கிறது என்று அர்த்தம். கேட்டேன். ராத்திரி மாத்திரை மறந்துபோகிறது, முன்பெல்லாம் அவர்தான் ஞாபகப்படுத்துவார் என்றார். மருந்தாளரைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்றைக் காட்டிக் கொடுத்தார்.

சீட்டில் 180 என்று இருந்தது. 46 போக 134. எண்ணிப் பையில் போட்டு, ஒட்டுச்சீட்டில் எண்ணிக்கையைத் திருத்தி ஒட்டிக் கொடுத்தேன்.